வீட்டு லோனை முன்கூட்டியே முடிப்பதா, வாடகைக்கு விட இன்னொரு வீடு வாங்குவதா? (ஹட்டன் பக்கம்)

டிக்கோயாக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக வீட்டில் இதே பேச்சுதான், ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். மனைவி ஆசிரியை. டிக்கோயாவில் பத்து பேர்ச்சில் சொந்த வீடு. லோன் இரண்டு இருக்கிறது. பெரியது பேங்க் லோன்: மிச்சம் 50 இலட்சம், இன்னும் 10 வருடம், வட்டி இப்போது 12 வீதம், மாதத் தவணை 71,700 ரூபாய். வட்டி நிலையானதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். சின்னது மனைவி பெயரில் இருக்கும் அரச ஊழியர் ஆதனக் கடன். 4 வீத வட்டி, இன்னும் 7 இலட்சம் கட்ட வேண்டும்.

கையில் 20 இலட்சம் சேர்ந்திருக்கிறது. 12 இலட்சம் எங்கள் சேமிப்பு. மற்ற 8 இலட்சம் அம்மாவின் ஈபிஎஃப்பும் பணிக்கொடையும். தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர்.

ஹட்டன் டவுனுக்குச் சற்றுக் கீழே ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. 95 இலட்சம் கேட்கிறார்கள். 20ஐக் கையில் கொடுத்து, 75 இலட்சம் லோன் எடுத்து வாங்கிப் போடு என்கிறார் மைத்துனர். இப்போது அங்கே குடியிருப்பவர்கள் மாதம் 30,000 வாடகை கொடுக்கிறார்களாம். மனைவிக்கோ கடன் குறைந்தால்தான் நிம்மதி. அம்மா "உங்க இஷ்டம்பா" என்று சொல்லிவிட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


கம்பளைக் கணக்கர் எழுதியது:

தம்பி, முதலில் அந்த 4 வீதக் கடனைத் தொடவே வேண்டாம். அவ்வளவு மலிவான காசு இனிக் கிடைக்காது. சாதாரண நிலையான வைப்பில் போட்டாலே அதைவிடக் கூட வட்டி வரும். அது பாட்டுக்குச் சம்பளத்தில் கழிந்து போகட்டும். பேச வேண்டியது பெரிய லோனைப் பற்றி மட்டும்தான்.

இப்படியே கட்டிக்கொண்டு போனால் 10 வருடத்தில் ஏறக்குறைய 86 இலட்சம் கட்டுவீர்கள். அதில் 36 இலட்சம் வட்டி. இன்று 20 இலட்சத்தைக் கடன் அசலில் கழித்து, தவணையை அதே 71,700 ஆக வைத்துக்கொண்டால், 120 மாதம் 55 மாதமாகக் குறையும். வட்டியில் 27 இலட்சம் மிச்சம். 12 இலட்சம் மட்டும் கட்டினாலும் 76 மாதத்தில் முடிந்துவிடும், ஏறக்குறைய 20 இலட்சம் மிச்சம். வட்டி வீதம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஆனால் வீதம் ஏறினால் முன்கூட்டிக் கட்டியதன் பலன் இன்னும் கூடத்தான் செய்யும்.

இப்போது அந்த வீடு. 75 இலட்சத்துக்கு 12 வீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டும் 75,000. அசலில் ஒரு சதம் குறையாமல் வெறும் வட்டி. வாடகை 30,000. மாதம் 45,000 உங்கள் கையிலிருந்து போக வேண்டும், அதுவும் ஏற்கனவே கட்டும் 71,700க்கு மேலே. 95 இலட்சத்துக்கு வருடம் 3 இலட்சத்து 60 ஆயிரம் என்பது நூற்றுக்கு 4 கூட வரவில்லை. கூரைத் தகடு, பெயின்ட், சபை வரி, ஆள் இல்லாத மாதம் எல்லாம் கழித்தால் 3 வீதம் மிஞ்சும். 12க்குக் கடன் வாங்கி 3க்கு விடுவதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.


தோஹாவில் நோர்வூட்டான் எழுதியது:

கணக்கர் அண்ணன் சொல்வது வாடகைக் கணக்கு மட்டும். காணி விலையை யார் கணக்கில் எடுப்பது?

2022ஐ மறந்துவிட்டோமா? வருடத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் சொச்சம், சில மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதம் வரை போனது. நான் இங்கே வெயிலில் நின்று அனுப்பிய காசை அப்பா ரூபாயாக பேங்கில் போட்டு வைத்திருந்தார். புத்தகத்தில் எண் அப்படியே இருந்தது, ஆனால் அதே காசுக்குச் சீமெந்து பாதி மூட்டைகூட வாங்க முடியவில்லை. அதே நேரத்தில் எங்கள் ஊரில் காணி வைத்திருந்தவன் எதையும் இழக்கவில்லை. கடனில் வீடு வாங்கியவனுக்கு இன்னும் நல்லது, கடன் பழைய ரூபாயில், வீடு புது விலையில்.

மலையகத்தில் நம் ஆட்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி கிடைப்பதே பெரிய விஷயம். டவுனில் காணி உறுதியோடு ஒரு வீடு கிடைக்கிறது என்றால் விடக்கூடாது. நம் தாத்தா பாட்டி எத்தனை தலைமுறை லயத்தில் இருந்தார்கள், அவர்கள் பெயரில் ஒரு அடி மண் இருந்ததா? இதை வெறும் வட்டிக் கணக்காகப் பார்க்க என்னால் முடியவில்லை.


கம்பளைக் கணக்கர் எழுதியது:

தம்பி சொல்வதில் பாதி முழு உண்மை. 2022இல் கடன் வாங்கியவனுக்கு இலாபம் கிடைத்தது, ஆனால் நிலையான வட்டியில் வாங்கியவனுக்கு மட்டும். மாறும் வட்டியில் இருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், அந்த நாட்களில் என்னிடம் கணக்குப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளி உயர்த்தியது. 2021 நடுவில் 6 வீதத்தை ஒட்டி இருந்த முதன்மைக் கடன் வீதம் (பேங்குகள் சிறந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கும் வீதம்) 2022 முடிவில் 27 வீதத்தைத் தொட்டது. மாறும் வட்டி லோன்கள் பெரும்பாலும் அந்த வீதத்தோடு கட்டப்பட்டவை. டிக்கோயாக்காரரின் இன்றைய 50 இலட்சத்தை எடுங்கள். வட்டி 24 ஆனால் ஒரு மாத வட்டி மட்டும் ஒரு இலட்சம். அவர் கட்டும் தவணை 71,700. அதாவது முழுத் தவணையைக் கட்டினாலும் கடன் குறையாது, வளரும். அதோடு 75 இலட்சம் இன்னொரு லோனும் இருந்தால்? வாடகைக்கு இருப்பவரிடம் போய் "பேங்க் வட்டியைக் கூட்டிவிட்டது, இனி 60,000 தாருங்கள்" என்று கேட்க முடியுமா? அவரும் அதே நெருக்கடியில் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பவர்தானே.

அதன் பிறகு வட்டி நன்றாக இறங்கிவிட்டது, உண்மை. 2025 மே மாதம் மத்திய வங்கியின் ஓரிரவுக் கொள்கை வீதம் 7.75. ஆனால் பத்து வருட லோனில் இருப்பவர் நல்ல காலத்தை மட்டும் வைத்துத் திட்டம் போடக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வீடும் ஈட்டில் இருந்தால், வாடகை வீடு தடுமாறும்போது குடியிருக்கும் வீடும் சேர்ந்து ஆடும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பரேட் என்று சொல்வோமே, பேங்க் நீதிமன்றம் போகாமலே ஏலம் போடலாம். காணி நம் ஆட்களுக்குப் பெரிது என்று தம்பி சொன்னது என் மனதிலும் இருக்கிறது. அதனால்தான் இருக்கும் பத்து பேர்ச்சை முதலில் ஈட்டிலிருந்து மீட்கச் சொல்கிறேன்.


பேராதனை போர்டிங் எழுதியது:

வாடகை வருமானத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் மாமனாரின் பழைய வீட்டைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு போர்டிங்காக விடுகிறோம். கடன் கிடையாது, மரபுரிமையாக வந்த வீடு. கட்டில் கணக்கில் விடுவதால் குடும்பத்துக்கு முழு வீடாக விடுவதைவிட நன்றாகவே வருகிறது.

ஆனால் அது தானாக வரும் காசு இல்லை. தண்ணீர் மோட்டார் பழுதானால் இரவு எட்டு மணிக்கும் போன் வரும். பரீட்சை முடிந்து ஒரு அணி போய் அடுத்த அணி வரும் வரை கட்டில்கள் சும்மா கிடக்கும். 2020இல் கொரோனாவுக்குப் பல்கலைக்கழகத்தை மூடியபோது பிள்ளைகள் உடுப்பையும் புத்தகத்தையும் அறையிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அறையை வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது, அந்தப் பெற்றோரிடம் வாடகை கேட்கவும் மனம் வராது. அவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். 2024இல் கல்வி சாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் வந்தபோதும் மாதக்கணக்கில் வகுப்பு நடக்கவில்லை. லோன் தவணை கட்ட வேண்டியிருந்தால் இந்த இரண்டு முறையும் நாங்கள் மூழ்கியிருப்போம். கடன் இல்லாததால் பொறுத்துக்கொண்டோம்.

ஹட்டனில் வாடகைக்கு யார் வருவார்கள் என்று முதலில் பாருங்கள். ஆசிரியர்கள், கிளங்கன் ஆஸ்பத்திரித் தாதியர், பேங்க் ஆட்கள், கொட்டகலை கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர்கள். எல்லோரும் இடமாற்றத்தில் வந்து போகிறவர்கள். பாதிப் பேர் தனியாள். அவர்களுக்கு வேண்டியது ஒரு அறை, ஒரு சின்னச் சமையலறை, சுடுதண்ணீர். மூன்று அறை வீடு வேண்டாம்.


பண்டாரவளையான் எழுதியது:

எங்கள் பக்கம் எல்லோரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வீடு விடுகிறார்கள். எல்லவில் நல்ல சீசனில் ஒரு மாதத்தில் வருவது டவுனில் வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்திலும் வராது. அந்த ஆசையில்தான் பலர் லோன் எடுத்து அறை அறையாகக் கட்டினார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022இல் எரிபொருள் இல்லை. ஒன்றிலிருந்து எழும்ப முன் அடுத்தது. பிறகு ஆட்கள் வரத் தொடங்கி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது 2025 நவம்பர் தித்வா புயல். ரயில் பாதையே அறுந்தது.

ஹட்டனில் சிவனொளிபாத மலை சீசனுக்கு ஆள் வரும், மார்கழியிலிருந்து வெசாக் வரை. அதை நம்பி வருடம் முழுக்கத் தவணை கட்ட முடியாது. சுற்றுலா என்றால் சொந்தக் காசில் மட்டும் செய்யுங்கள்.


சரிவும் சுவரும் எழுதியது:

நான் கட்டட வேலை மேற்பார்வை செய்பவன், நுவரெலியா மாவட்டத்தில். இவ்வளவு பேர் பேசியும் யாரும் கேட்கவில்லை: அந்த வீடு எப்படிப்பட்ட சரிவில் இருக்கிறது? "டவுனுக்குச் சற்றுக் கீழே" என்றால் எனக்கு அதுதான் முதல் கேள்வி.

மண்சரிவு அபாயமுள்ள நம் மாவட்டங்களில் கட்ட வேண்டுமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். வீடு ஏற்கனவே கட்டியிருக்கிறது என்பதற்காக அறிக்கை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்பவரிடம் அறிக்கையையும், சபை அங்கீகரித்த வரைபடத்தையும் கேளுங்கள். பல வீடுகளில் கீழ்த்தளத்துக்கு மட்டும் அங்கீகாரம் இருக்கும், மேலே இரண்டு மாடி பிறகு ஏற்றியிருப்பார்கள்.

அப்புறம் மழை நாளில் போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லா வீடும் அழகுதான். பின்பக்கம் மண்ணை வெட்டித் தாங்குசுவர் கட்டியிருப்பார்கள். அந்தச் சுவரில் தண்ணீர் வடிய வரிசையாகக் குழாய்த் துண்டுகள் வைத்திருக்க வேண்டும். நல்ல மழைக்குப் பிறகு அவற்றிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டினால் நல்ல அறிகுறி. மழை கொட்டியும் ஒரு குழாயிலும் ஈரமே இல்லை என்றால், தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி நிற்கிறது, அதன் முழுப் பாரமும் சுவர் மேல். சேற்றுத் தண்ணீர் வந்தால் பின்னாலிருக்கும் மண் கரைந்து வருகிறது. சுவரின் நடுப்பகுதியைப் பக்கவாட்டிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், வயிறு தள்ளியிருந்தால் தெரியும். உள்ளே போய்ச் சரிவுப் பக்கத்து அறைக் கதவைத் திறந்து மூடுங்கள். மேல் மூலையில் மட்டும் சட்டத்தில் உரசி, அந்த இடத்தில் புதிதாகச் சீவியிருந்தால் வீடு அசைந்திருக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பைப் பெயின்டால் மறைத்திருப்பார்கள், விரலால் தடவினால் பிடிபடும். மேலே உள்ள மரங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கிறதா என்று அக்கம் பக்கத்தில் விசாரியுங்கள்.

தித்வாவுக்குப் பிறகு கண்டி, பதுளை, நுவரெலியா மூன்று மாவட்டத்திலும் நான் பார்த்தவை இன்னும் கண்ணில் நிற்கின்றன. 2014இல் மீரியபெத்த மண்சரிவு நடந்த பிறகும் நாம் போதிய அளவு மாறவில்லை. வாடகைக்கு விடுகிற வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும், அதற்குள் தூங்கப்போவது வேறொருவரின் பிள்ளைகள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே முதல் எச்சரிக்கை கொடுப்பார்கள். வீட்டுக்காரர் அந்த நேரம் குடியிருப்பவரை எழுப்பி வெளியே அனுப்பக் கூடியவராக இருக்க வேண்டும்.


டிக்கோயாக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி ஞாயிறு மழையில் மைத்துனரோடு போய்ப் பார்த்தேன். பின்னால் பதின்மூன்று பதினான்கு அடிச் சுவர். குழாய்கள் இருக்கின்றன, ஆனால் கீழ் வரிசை முழுவதும் சீமெந்து பூசி அடைத்திருக்கிறார்கள். மேல் வரிசையில் இரண்டில் மட்டும் கலங்கல் தண்ணீர். விற்பவரிடம் கேட்டால் "தண்ணி முற்றத்துக்கு வருதுன்னு அடைச்சோம்" என்கிறார். அறிக்கை இல்லை, தேடித் தருவதாகச் சொல்கிறார்.

உறுதியின் பிரதி ஒன்று தந்தார். ஏற்கனவே குடியிருப்பவர் ஒன்பது வருடமாக இருக்கிறாராம், எழுத்தில் எதுவும் இல்லை. இது பிரச்சினையா?


சரிவும் சுவரும் எழுதியது:

கீழ் வரிசையை அடைத்த சுவரா? தம்பி, அந்த வீட்டை விட்டுவிடுங்கள். நீங்கள் வாங்காவிட்டாலும் அங்கே இருப்பவரிடம் குழாய்களைத் திறக்கச் சொல்லுங்கள், இந்த வாரமே.


உறுதி எழுதுமிடம் எழுதியது:

நான் நொத்தாரிசு அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். இந்த வீட்டை விட்டாலும் வேறு வீடு பார்ப்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

மலையகத்தில் உறுதி என்று காட்டுவதெல்லாம் ஒரே உறுதி இல்லை. தோட்டக் காணி அரசுடையது, 1992இலிருந்து கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போனது. அதில் கட்டிய வீட்டைக் கைமாற்றும் கடுதாசிக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. ஜயபூமி போன்று அரசு மக்களுக்கு அளித்த காணிகளைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குப் பின்னோக்கித் தேடிப் பார்த்து, ஈடு, வழக்கு ஏதும் பதியப்படவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிரதியை மட்டும் பார்த்து முற்பணம் கொடுக்க வேண்டாம்.

செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 95 இலட்சத்துக்கு அதுவே 379,000 ரூபாய். நொத்தாரிசு கட்டணம், நில அளவை, லோனுக்கான ஈட்டு முறி எல்லாம் தனி. உங்கள் 20 இலட்சத்தில் ஐந்தாறு இலட்சம் வீடு வாங்கும் முன்னமே கரைந்துவிடும்.

குடியிருப்பவர் விஷயம் பெரிய பிரச்சினைதான். எழுத்தில்லாமல் ஒன்பது வருடம் இருப்பவரை வாங்கியபின் எழுப்புவது சுலபமில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவர் பக்கம் நிற்கும் சட்டம். எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது, ஆனால் பொருந்துமா என்று தீர்க்கவே நீதிமன்றத்தில் வருடங்கள் போகும். 2023இல் வந்த புதிய சட்டம் உடைமையை விரைவாக மீட்க வழி செய்கிறது, ஆனால் அது முறையாக நொத்தாரிசு முன் எழுதிப் பதிந்த குத்தகைக்குத்தான் உதவும். எந்த வீட்டை யாருக்கு விட்டாலும் எழுதிப் பதிந்து விடுங்கள். அது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு.


ஹாலிஎல அக்கா எழுதியது:

இத்தனை கணக்கையும் படித்தேன். ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது, பட்டென்று சொல்கிறேன், தம்பி கோபிக்க வேண்டாம்.

20 இலட்சம் உங்களிடம் இல்லை. உங்களிடம் இருப்பது 12 இலட்சம். 8 இலட்சம் அம்மாவுடையது.

நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல், 1,350 ஆனது 2024இல். அதற்கு முன்னால் எவ்வளவு குறைவு என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடித்து, நிர்வாகம் 12 போட்டு, இத்தனை வருடத்தில் சேர்ந்த காசு அது. அட்டைக் கடியும், நிறுவையில் கழித்த கிலோக்களும், மழையில் தலையில் போட்டுப் போன கறுப்பு ரப்பர் சீட்டும் எல்லாம் அதில் இருக்கிறது. "உங்க இஷ்டம்பா" என்று அம்மா சொன்னால் அது சம்மதம் இல்லை. நம் அம்மாமார் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

அதை உங்கள் லோனில் கட்டிவிட்டால், நாளைக்கு அவர் கண்புரைக்கு ஒப்பரேஷன் செய்யவோ, பேத்தி சடங்குக்கு ஒரு பவுண் போடவோ உங்களிடம் கேட்டு நிற்க வேண்டும். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் பெயரில் ஒரு தொகை வந்திருக்கிறது. அது அவர் பெயரிலேயே, அவர் கையெழுத்தில் மட்டும் எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். மாத வட்டி வரும் வைப்பில் போடுங்கள். 8 வீதம் கிடைத்தால் மாதம் 5,300 ரூபாய். இப்போது வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள், ஆனால் வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது மகன் செய்ய வேண்டிய வேலை.

வீடு வாங்குவதா, கடன் கட்டுவதா என்பது அதன் பிறகு, அந்த 12 இலட்சத்துக்குள் பேச வேண்டியது.


தோஹாவில் நோர்வூட்டான் எழுதியது:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு போன் எடுத்துப் பேசினேன். அந்த 8 இலட்சத்தைப் பற்றி இனி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அந்த வீடும் வேண்டாம், அடைத்த சுவரைப் பற்றிப் படித்தபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாடகை வருமானத்தை நான் முழுதாக விடச் சொல்ல மாட்டேன். டிக்கோயாக்காரரே, உங்களுக்கு ஏற்கனவே பத்து பேர்ச் இருக்கிறது, உறுதி இருக்கிறது. கிளங்கன் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே. பேராதனை அக்கா சொன்ன மாதிரி ஒரு அறை, குளியலறை, சின்னச் சமையலறையோடு தனி வாசல் வைத்து ஒரு அனெக்ஸ் கட்டினால்? புதுக் காணிக்குக் காசில்லை, முத்திரை வரி இல்லை, பக்கத்திலேயே இருப்பதால் பார்த்துக்கொள்ளவும் முடியும். லோன் கொஞ்சம் இறங்கிய பிறகு செய்யலாம்.


சரிவும் சுவரும் எழுதியது:

அனெக்ஸ் நல்ல யோசனை. சபை அங்கீகாரமும் மண்சரிவு அறிக்கையும் அதற்கும் வேண்டும். வீடு ஈட்டில் இருப்பதால் பேங்கிடமும் எழுத்தில் கேளுங்கள். மண்ணை வெட்டாமல் கட்ட இடம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். மேல் மாடி போடுவதானால் அத்திவாரம் தாங்குமா என்று ஒரு எஞ்சினியர் பார்க்க வேண்டும், மேசன் பாஸ் சொல்வது போதாது.


பேங்க் கவுண்டர் எழுதியது:

நான் லோன் பிரிவில் இருக்கிறேன், எந்த பேங்க் என்று சொல்லவில்லை. முன்கூட்டிக் கட்டப் போகிறீர்கள் என்றால் சில விஷயம்.

வெறுமனே கணக்கில் காசைப் போட்டால் அது எதிர்வரும் தவணைகளுக்கு முற்பணமாக வரவு வைக்கப்படலாம். கடன் அசலில் கழிக்க வேண்டும் என்று கடிதம் கொடுங்கள். கழித்த பிறகு தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று கேட்பார்கள். கணக்கர் ஐயா சொன்ன இலாபம் காலத்தைக் குறைத்தால்தான் முழுமையாக வரும். பகுதியாகக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்று உங்கள் கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள், பேங்குக்கு பேங்க் வேறுபடும். கட்டிய பிறகு புதிய தவணை அட்டவணையை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டுப் பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. வட்டி இறங்கியிருக்கும் நேரத்தில் மிச்சக் கடனைச் சில வருடத்துக்கு நிலையான வட்டிக்கு மாற்றித் தருவார்களா? 2022ஐப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

12 இலட்சத்தையும் ஒரேயடியாகக் கட்டிவிட வேண்டாம். மூன்று நான்கு தவணைக்காவது காசு கையில் இருக்கட்டும். கட்டிய காசை பேங்க் திருப்பித் தராது.


டிக்கோயாக்காரன் எழுதியது:

எல்லோர் சொல்லையும் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். மைத்துனரும் இருந்தார். அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அங்கே குடியிருப்பவரிடம் சுவரைப் பற்றிச் சொன்னேன், அவர் ஒரு மேசனைக் கூட்டி வந்து கீழ்க் குழாய்களைத் திறந்திருக்கிறார்.

அம்மாவின் காசு அம்மா பெயரில். "எனக்கெதுக்குப்பா" என்றார், அப்புறம் மாத வட்டி எந்தத் தேதியில் வரும் என்று கேட்டார். எங்கள் 12இல் 9 இலட்சத்தை லோனில் கட்டி, 3 இலட்சத்தை அவசரத்துக்கு வைக்கிறோம். கணக்கர் ஐயா, 9 என்றால் எத்தனை மாதம் வரும்? அனெக்ஸை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று மனைவி சொல்கிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இன்னொரு கேள்வி. லோன் எடுக்கும்போது ஆயுள் காப்புறுதி ஒன்றும் தீக் காப்புறுதி ஒன்றும் எடுக்க வைத்தார்கள். காலம் குறைந்தால் அவற்றை என்ன செய்வது?


கம்பளைக் கணக்கர் எழுதியது:

9 கட்டினால் இன்றைய வட்டியில் 86 மாதம் வரும், வட்டியில் 16 இலட்சம் குறையும். அடுத்த சம்பள உயர்வில் தவணையோடு மாதம் 5,000 கூடக் கட்ட முடிந்தால் இன்னும் சுருங்கும். வீட்டம்மாவுக்கும் சொல்லுங்கள், அவர் ஆரம்பத்திலேயே சரியாகச் சொன்னார்.


பேங்க் கவுண்டர் எழுதியது:

ஆயுள் காப்புறுதி இருக்கட்டும். உங்களுக்கு ஏதாவது நடந்தால் மிச்சக் கடனை அதுதான் கட்டும், குடும்பம் வீட்டை இழக்காது. லோன் முழுதாக முடிந்த பிறகு மிச்சக் காலத்துக்கு ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று காப்புறுதிக் கம்பனியிடம் கேளுங்கள், சில ஒப்பந்தங்களில் உண்டு. தீக் காப்புறுதியில் மண்சரிவும் வெள்ளமும் சேர்ந்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். பெரும்பாலும் அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கடைசித் தவணை கட்டும் நாளில் உறுதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஈடு மீட்பு உறுதியை நொத்தாரிசு மூலம் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து, ஈடு நீங்கிவிட்டது என்று பதிவேட்டின் பிரதி எடுத்து வையுங்கள். பலர் இதைச் செய்யாமல் விட்டு, பல வருடம் கழித்துப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றப் போகும்போது பழைய ஈடு குறுக்கே நிற்கிறது.